ஞாயிற்றுக்கிழமையின் நான்கு டிகிரி

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு ஜெர்லின் டேப்லெட்டைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைக்கான இரண்டு கட்டங்களிலும் 4 என்று அடித்தாள். காலை 4 டிகிரி. மாலை 4 டிகிரி. அடித்தபின்தான் திங்கட்கிழமைக்கான பக்கம் திறந்தது.

மணற்குடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டி அவள் பொறுப்பு. பெட்டிக்குள் எத்தனை டிகிரி குளிர் என்று நாளைக்கு இரண்டு முறை பார்த்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த அறையைத் திறக்க ஆள் கிடையாது. ஆனால் ஞாயிறு காலியாக இருந்தால் திங்கள் திறக்காது. திங்கள் திறக்காவிட்டால் அன்றைக்கு ஊசி போட வந்த பிள்ளைகளின் பெயர் ஏறாது. சென்னையில் யாரோ ஒரு புத்திசாலி அப்படி அமைத்துவிட்டுப் போயிருந்தான். ஆகவே மாவட்டத்தில் எல்லோரும் திங்கள் காலையில் ஞாயிற்றுக்கு 4 அடித்தார்கள். பழைய பெட்டியிலிருந்து மாற்றி வைத்த, தானாக அளந்து அனுப்பும் கருவி ஒன்றும் உள்ளே இருந்தது. அதன் பேட்டரி தீர்ந்து மூன்று வருடம். வேறு பேட்டரி கேட்டதற்கு, உங்கள் பதிவுகள் மிகவும் திருப்தியாக இருப்பதால் மாற்றம் இப்போது அவசரமில்லை என்று பதில் வந்திருந்தது.

அவள் டேப்லெட்டை மூடும்போது கணவன் டென்சில் போன் செய்தான். நேவாவுக்குத் தொண்டை வலிக்கிறதாம், பால் குடிக்கவில்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். கணக்குப் பரீட்சை இருக்கும், உன் மகள்தானே என்று ஜெர்லின் சிரித்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல், மத்தியானம் வந்து பார்க்கிறேன் என்றாள்.

வியாழக்கிழமை மாலை நேவா இறந்துபோனாள்.

தொண்டை அடைப்பான் என்று புதன்கிழமை வரை யாரும் நினைக்கவில்லை. நினைக்கக் காரணமும் இல்லை. நர்ஸ் வீட்டுப் பிள்ளை. ஒரு தவணைகூடத் தவறாமல் முத்தடுப்பு ஊசி போட்ட பிள்ளை. ஐந்து வயதுத் தவணையையும் ஜெர்லின் தன் கையாலேயே போட்டிருந்தாள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்ததைக் கண்ட பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே எதிர்நஞ்சு மருந்து ஏறியது. ஏறுவதற்குள் பிள்ளையின் இதயம் தளர்ந்துவிட்டது.

அடுத்த ஆறு வாரத்தில் மாவட்டத்தில் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு அதே நோய் வந்தது. நாலு பேர் பிழைக்கவில்லை. பத்துப் பேரும் ஊசி போட்டவர்கள்.

தடுப்பூசிப் பேரவை இதைப் பற்றி ஆலோசித்தது. நான்கு நிமிடம் ஆலோசித்தது.

பேரவையைப் பற்றிக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. முன்பெல்லாம் ஓர் ஊசியின் தவணையை மாற்ற வேண்டுமானால் டாக்டர்களையும் ஆய்வாளர்களையும் கிராமத்து நர்ஸ்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கவே வருடக்கணக்காகும். டாக்டருக்கு நேரம் இருக்காது, நர்ஸுக்கு பஸ் இருக்காது, ஆய்வாளர் வந்தால் நர்ஸைப் பேச விடமாட்டார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி செய்தார்கள். ஒருவருடைய வேலைப் பதிவுகள் அத்தனையையும் கொடுத்து, ஆறு மணி நேரம் நேர்காணல் எடுத்து, அவரைப் போலவே யோசிக்கும், அவர் குரலிலேயே பேசும் ஒரு நிரல். அறுபதாயிரம் பிரதிகள் இரவு பகலாகப் பேரவையில் கூடியிருந்தன. அங்கே நர்ஸின் பிரதி பேசினால் பேராசிரியரின் பிரதி குறுக்கிடாமல் கேட்டது. டெங்குவுக்கு நல்ல ஊசி வந்தது அதனால்தான். ஆட்களோ அவரவர் ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி வகுப்பு, மாதாந்திரக் கூட்டம் எல்லாம் நின்று எட்டு வருடம். பக்கத்து ஊர் நர்ஸின் குரல் தெரியும், முகம் தெரியாது.

அந்தப் பேரவை சொன்னது இதுதான். ஊசி போட்ட பிள்ளைகளுக்கே நோய் வந்திருக்கிறது. குளிர்பெட்டிகள் மாவட்டம் முழுவதும் சரியாக இருக்கின்றன. ஆகவே கிருமி மாறியிருக்கிறது. புதிய ஊசிக்கான ஆராய்ச்சி இன்றே தொடங்குகிறது, பதினான்கு மாதம் ஆகும். அதுவரை கையிருப்பில் உள்ள ஊசியே தொடரட்டும்.

விடுப்பு முடிந்து ஜெர்லின் வேலைக்குத் திரும்பியது ஒரு திங்கட்கிழமை. வீட்டில் இருக்க முடியாமல் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். வேறு யாரும் தொடுவதற்கு முன் குளிர்பெட்டியைத் திறந்தாள். அடித்தட்டில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. பழைய பெட்டியோடு வந்த கண்ணாடி வெப்பமானி சுழியத்துக்குக் கீழே மூன்று காட்டியது. ஒரு முத்தடுப்புக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கலங்கிய பால்போல் இருக்க வேண்டிய மருந்தில் துகள் துகளாக ஏதோ மிதந்தது.

எட்டு மணிக்கு வந்த டாக்டர் ரய்யான், அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பதறிப்போய் என்ன சிஸ்டர் என்று கேட்டார். முத்தடுப்பு ஊசிக்கு வெயிலை விடப் பனிதான் மோசம், ஒருமுறை உறைந்தால் மருந்து மருந்தாகவே இருக்காது என்பது அவருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மாவட்டத்தின் நாற்பத்து மூன்று நிலையங்களுக்கும் ஒரே மாதிரிப் புதிய சூரியசக்திப் பெட்டிகள் வந்தன. நல்ல வெயில் நாளில் அவை வெறியோடு குளிரும். வேலை நாட்களில் கதவைத் திறந்து மூடுவதில் அந்தக் குளிர் தணிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை திறக்க ஆளில்லை.

"நான் உறைஞ்ச மருந்தைத்தான் அவளுக்குப் போட்டிருக்கேன் சார்" என்றாள் ஜெர்லின்.

ரய்யானுக்கு முப்பது வயது. அவரும் தரையில் உட்கார்ந்தார்.

அன்று வீட்டுக்குப் போய் டென்சிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் படகு இன்ஜினின் உதிரிபாகம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டே கேட்டான். கடைசியில் கையை நிறுத்தி, "மிச்சப் புள்ளைங்களுக்கும் அதைத்தான் போட்டியா?" என்றான்.

"ஆமா."

"அப்ப இங்க ஏன் உட்கார்ந்திருக்கே?"

மாவட்டத்தில் அந்த இரண்டு வருடத்தில் முத்தடுப்பு ஊசி போட்ட பிள்ளைகள் பதினெட்டாயிரம் பேர். மழைக்காலம் தொடங்கிப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்தால் நோய் மளமளவென்று பரவும். மழைக்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் நல்ல மருந்தைக் கொண்டுவந்து பதினெட்டாயிரம் பேருக்கும் மறுபடி போட்டாக வேண்டும்.

பேரவையிடம் முறையிடலாம். அதற்கு ஒரு திரை, ஒரு நாற்காலி, சென்னையிலிருந்து பேசும் டாக்டர் சாத்விகா என்ற ஒருங்கிணைப்பாளர் எல்லாம் உண்டு. சாத்விகா தன்மையான பெண். அவள் தன்மையே ஜெர்லினுக்கு எரிச்சலூட்டியது. முதலில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தாள். பிறகு விஷயத்தைக் கேட்டாள். பிறகு, இது மணற்குடி குளிர்பெட்டி பற்றியது என்பதால் பேரவையில் அதற்குப் பொறுப்பான உறுப்பினரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றாள்.

"நாந்தானே மேடம் அது."

"உங்க பிரதி" என்றாள் சாத்விகா. கொஞ்சம் சங்கடமாகத்தான் சொன்னாள்.

திரையிலிருந்து ஜெர்லினின் குரல் வந்தது. அவள் வழக்கமாகப் பேசும் அதே நிதானம். மணற்குடியில் ஞாயிற்றுக்கிழமை வெப்பநிலை நான்கு டிகிரி, ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட மாறியதில்லை என்றது அது.

"அதை எழுதினது நான். ஞாயித்துக்கிழமை நான் அங்க இல்லவே இல்ல" என்றாள் ஜெர்லின்.

"பதிவின்படி நான் இருந்தேன்" என்றது ஜெர்லினின் குரல்.

கூட வந்திருந்த ரய்யான் வெளியே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தார். சாத்விகா வேறு வழியில் முயன்றாள். சிஸ்டர் தன் பதிவு பொய் என்று ஒப்புக்கொள்வதாகப் பேரவையிடம் சொன்னாள். பேரவை அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட அடுத்த நொடி, ஒன்பது வருடம் பொய் எழுதிய ஊழியர் என்பதால் ஜெர்லினின் நம்பகத்தன்மையைச் சுழியமாக்கியது. நம்பகத்தன்மை சுழியமானவரின் வாக்குமூலத்தைப் பரிசீலிக்க விதியில்லை. ஆகவே, பதிவு பொய் என்ற அவள் வாக்குமூலமும் தள்ளுபடி. பதிவு பழையபடி உண்மையானது.

"நான் பொய் சொன்னேன்னு சொல்றது பொய்யாம்" என்று ஜெர்லின் ரய்யானைப் பார்த்துச் சொன்னாள். சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்றார் அவர். அனுப்பலாம், அதற்குப் பேரவை உத்தரவு வேண்டும். உத்தரவுக்குச் சந்தேகம் வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லை, பதிவுகள் நன்றாக இருக்கின்றன. பனியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். தனி நிலையத்தின் தனிப் படம், பொதுமுடிவுக்குப் போதாது என்று பதில் வந்தது. இப்படியே பன்னிரண்டு நாள் போனது. அந்தப் பன்னிரண்டு நாளில் மேலும் ஒரு பிள்ளை இறந்தது.

பேரவைச் சட்டத்தை முழுவதும் படித்த முதல் மனிதர் அநேகமாக ரய்யானாகத்தான் இருக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் பிரிவில் ஒரு வரி கிடந்தது. ஒரு மாவட்டத்தில் ஒரே வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நேரில் ஓரிடத்தில் கூடி, கண்ணால் கண்டு ஒரு முடிவைக் கையெழுத்திட்டால், அது பிரதிகளின் முடிவுக்கு மேலானது. யாரோ ஒரு பழைய காலத்து ஆள் பயந்து எழுதி வைத்தது. ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை, ஏனென்றால் யாரும் கூடியதே இல்லை.

நாற்பத்து மூன்று குளிர்பெட்டிப் பொறுப்பாளர்களில் பாதிக்கு மேல் என்றால் இருபத்திரண்டு பேர்.

ஜெர்லின் போனோடு உட்கார்ந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். வா என்றதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி. ஒருத்தியின் மாமியாருக்குக் கண் அறுவை. நேரில் எதற்கு, என் பிரதியை அனுப்புகிறேனே, என்னைவிட அது நன்றாகப் பேசும் என்றாள் ஒருத்தி. வேலை போய்விடாதா என்று உடைத்துக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவர்கள்மேல்தான் ஜெர்லினுக்குக் கோபம் வரவில்லை. வேலை போனாலும் போகலாம் என்று உண்மையைச் சொன்னாள்.

அலையாத்திக்கோட்டை நர்ஸ் பவதாரணி மட்டும் வேறு மாதிரி பேசினாள்.

"அக்கா, நான் ஞாயித்துக்கிழமைக்கு நாலுன்னு எழுதினதில்ல. நாலு புள்ளி ரெண்டுன்னு எழுதுவேன். எப்பவும் நாலுன்னா சந்தேகம் வரும்ல."

"வர்றியா?"

"எனக்கு வேற ஒரு பயம் இருக்குக்கா. ஆனா வர்றேன்."

மணற்குடி மாதா கோவில் மண்டபத்தில், அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. ஆளுக்கு ஒரு முத்தடுப்புக் குப்பியைக் குளிர்பையில் வைத்து எடுத்துவர வேண்டும். ஜெர்லின் ஒரு குப்பியை வேண்டுமென்றே வீட்டு ஃப்ரிட்ஜின் பனித்தட்டில் வைத்து உறைய விட்டு, பிறகு உருக வைத்துக்கொண்டாள். உறைந்த மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதுதான் சாட்சி. குலுக்கி வைத்துவிட்டு அரைமணி நேரம் பார்க்கும் இந்தச் சோதனை அவளுக்கு முந்தைய தலைமுறை நர்ஸ்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது கையேட்டில்கூட இல்லை. பெட்டிகள் எல்லாம் நான்கு டிகிரியில் இருக்கும்போது சோதனை எதற்கு என்று எடுத்துவிட்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு ஜெர்லினையும் சேர்த்துப் பதினோரு பேர். பதினொன்றரைக்கு இருபது. ஒருவரையொருவர் குரலால் அடையாளம் கண்டுகொண்டார்கள். நீ இவ்வளவு குட்டையா, போனில் உயரமாகத் தெரிவாயே என்று இரண்டு பேர் கேலி பேசினார்கள். யாரோ அழுதார்கள், யாரோ காப்பி கலந்தார்கள். சாட்சிக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த சாத்விகா ஓரமாக நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் நிற்கவே தெரியவில்லை. பன்னிரண்டுக்கு இருபத்தோரு பேர் ஆனார்கள். அதன்பிறகு வாசலில் நிழல் விழவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். மருந்தாளுநர் கிஷோர்பாபு, தன் நிலையத்தின் குளிர்பெட்டிக்குப் பொறுப்பாளர், மாவட்டத்திலேயே சீனியர், ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. உள்ளே வந்ததும் சத்தம் போட்டார். எல்லோரும் சேர்ந்து மொத்த மாவட்டத்தின் பெயரையும் கெடுக்கிறீர்கள், என் பெட்டி சரியாக இருக்கிறது, அதை நிரூபிக்கத்தான் வந்தேன், கையெழுத்துப் போட இல்லை என்றார். கைக்குட்டையில் சுற்றியிருந்த தன் குப்பியை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தார்.

"வைங்கண்ணே" என்றாள் ஜெர்லின். "எல்லாருதும் வரிசையா இருக்கட்டும்."

வெள்ளை விரிப்பு போட்ட நீள மேசை. இருபத்திரண்டு குப்பிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஊர்ப் பெயர். நடுவில் ஜெர்லின் உறைய வைத்த சாட்சிக் குப்பி. எல்லோரும் ஒரே நேரத்தில் குலுக்கி, ஒரே நேரத்தில் வைத்தார்கள். இனிக் கையால் தொடக்கூடாது.

பத்து நிமிடத்தில் சாட்சிக் குப்பியில் மேல்பாதி தெளிந்து, அடியில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. அடுத்து கிஷோர்பாபுவின் குப்பி. மற்றவர்களுடையதை விட வேகமாக அதுதான் தெளிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். மணற்குடி. புளியங்கரை. தேத்தாக்குடி மேற்கு. ஒவ்வொன்றாக மேலே தண்ணீர்போல் தெளிவதும் கீழே மாவுபோல் இறங்குவதும் தெரிந்தது. தன் குப்பிக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரும் கூட்டல் போடுவது முகத்தில் தெரிந்தது. எத்தனை பிள்ளைகள், யார் யார், அக்கா மகன், எதிர்வீட்டுப் பாப்பா. அரைமணி நேரம் முடிந்தது.

கடைசியில் ஒரே ஒரு குப்பி மட்டும் கலங்கிய பாலாகவே நின்றது. அலையாத்திக்கோட்டை.

எல்லோரும் பவதாரணியைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்து, அழுகை வரப்பார்த்தது.

"என்னைத் திட்டாதீங்க. என் குவார்ட்டர்ஸ் பக்கத்துலயே இருக்கு. வீட்டுல ஃப்ரிட்ஜ் ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை மீன் வாங்கினா அந்தப் பெட்டியிலதான் வைப்பேன். காலையில வச்சு, மத்தியானம் எடுத்து, தயிரை வச்சு, சாயங்காலம் எடுத்து… தப்புதான். தடுப்பூசிப் பெட்டியில சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது."

அவள் பயந்த பயம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை நாலைந்து தடவை கதவைத் திறந்து மூடியிருக்கிறாள். அலையாத்திக்கோட்டையில் ஒரு பிள்ளைக்கும் நோய் வரவில்லை.

முதலில் சிரித்தது கிஷோர்பாபுதான். சிரிப்பு எங்கே திரும்பியது என்று தெரியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூடிய முகத்தோடே, "பேனா குடும்மா" என்றார்.

இருபத்திரண்டாவது கையெழுத்து அவருடையது. பேரவைக்கு அது போய்ச் சேர்ந்து தொண்ணூறு வினாடியில் உத்தரவு வந்தது. பழைய மருந்து திரும்பப் பெறப்படும். பதினெட்டாயிரம் பிள்ளைகளுக்கும் புதிய மருந்து. நர்ஸ்கள் பதினான்கு நாள் ஓய்வில்லாமல் போட்டார்கள். மழை இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்தது. அந்த மழைக்காலத்தில் புதிதாக மூன்று பேருக்கு மட்டுமே நோய் கண்டது, மூவரும் பிழைத்தார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. நாற்பத்து மூன்று பேரையும் நீக்கினால் ஊசி போட ஆள் வேண்டுமே. பெட்டிகளை மாற்றும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வந்து நான்கு முறை கதவைத் திறந்து மூட வேண்டும் என்று பேரவை ஒரு விதி போட்டது. பெட்டியில் உணவுப் பொருள் வைக்கக்கூடாது என்ற பழைய விதியை அதே சுற்றறிக்கையில் மறுபடி வலியுறுத்தியது.

இன்னொரு வேலை பாக்கியிருந்தது. பிரதிகளைத் திருத்த வேண்டும். பொய்ப் பதிவிலிருந்து கற்றுக்கொண்டவை அவை. அதற்குரிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவாகப் பார்த்து, சரி அல்லது தவறு என்று சொல்ல வேண்டும். ஜெர்லினுடையதைத் திருத்த சாத்விகாவே மணற்குடிக்கு வந்தாள். இப்போதெல்லாம் அவள் நேரில் வருவதையே விரும்பினாள்.

மூன்று நாள் ஆயிற்று. ஒன்பது வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள், பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், புயல் விடுமுறை. ஒவ்வொன்றையும் சாத்விகா படித்தாள், தவறு என்றாள் ஜெர்லின். பார்க்கவில்லை என்று மாற்று, பார்க்கவில்லை என்று மாற்று. ஒரு கட்டத்தில் இருவருக்கும் குரல் கம்மிவிட்டது. ரய்யான் இளநீர் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

பதிவுகள் முடிந்ததும் நேர்காணல். போன ஜனவரியில் புதுப்பித்து எடுத்தது. அதையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

"உங்க வேலையில உங்களுக்கு நம்பிக்கை தர்றது எதுன்னு கேட்டிருக்காங்க" என்று சாத்விகா படிக்கத் தொடங்கினாள். "அதுக்கு நீங்க சொன்னது: என் மக நேவா. ஆறு வயசு. எல்லா ஊசியும் நாந்தான் போட்டேன். ஊசி குத்தும்போது அழமாட்டா, ஒண்ணு ரெண்டு எண்ணுவா. ஏழு எண்ணுறதுக்குள்ள…"

சாத்விகா நிறுத்தினாள். திரையின் கீழே சரி, தவறு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவள் விரல் எதையும் தொடவில்லை. வெளியே மருந்து வாங்க வந்தவர்கள் யாரோ வரிசையை மீறியதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதை மாத்தணும் சிஸ்டர்" என்றாள் மெதுவாக. "இல்லைன்னா உங்க பிரதிக்குத் தெரியாமலே…"

"அடுத்ததைப் படிங்க மேடம்" என்றாள் ஜெர்லின்.

சாத்விகா படித்தாள்.

பேரவையில், அறுபதாயிரம் பேருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஜெர்லினின் மகளுக்கு இன்றைக்கும் ஆறு வயது.